டிஸ்கில் இருக்கும் படம் பக்கத்தில் ஏன் வரவில்லை?

ஜூன் 3, காலை. கேள்வி

படம் டிஸ்கில் இருக்கிறது. பாதையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன். ஃபைல்:///டி:/ப்ராஜெக்ட்/இமேஜஸ்/நியூ.பிஎன்ஜி என்று அட்ரஸ் பாரில் ஒட்டினால் குரோம் படத்தைத் திறந்து காட்டுகிறது. அதையே என் ரியாக்ட் (வலைப்பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பக்கத்தில், படத்தின் முகவரியைச் சொல்லும் இமேஜ் டேகின் எஸ்ஆர்சி-யில் கொடுத்தால் உடைந்த பட ஐகான்தான் வருகிறது. லோக்கல் ரிசோர்ஸை ஏற்ற அனுமதி இல்லை என்று பிரவுசரின் பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் சிவப்பு வரி. மொத்தம் 41 படங்கள், ஒன்றுகூட வரவில்லை. இது குரோமின் கோளாறு என்றுதான் நினைக்கிறேன். பிரவுசரின் பாதுகாப்பை அணைத்துவிட்டு ஓட்டலாமா?

ஜூன் 3, மதியம். பதில்

அணைக்க வேண்டாம். குரோம் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள், அங்கேயும் இதே மறுப்புதான்.

அட்ரஸ் பாரில் பாதையை ஒட்டும்போது கேட்பவர் நீங்கள். உங்கள் கணினி, உங்கள் ஃபைல், பிரவுசர் கொடுத்துவிடுகிறது. பக்கத்துக்குள் அதே முகவரி இருந்தால் கேட்பது அந்தப் பக்கம். லோக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது உங்கள் கணினியிலேயே ஓடும் சர்வரிலிருந்து, வந்தாலும் பிரவுசருக்கு அது வேறெந்த வலைப்பக்கத்தையும் போன்றதுதான். வலைப்பக்கத்துக்கு உங்கள் டிஸ்கைத் தொட உரிமை கிடையாது. உரிமை கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு தளம் ஆயிரம் ஃபைல் பெயர்களை இமேஜ் டேகில் வரிசையாகப் போடும். எது ஏறியது, எது ஏறவில்லை என்பதை வைத்தே உங்கள் டிஸ்கில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்.

பாதுகாப்பை அணைத்த பிரவுசரில் உங்கள் 41 படமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு இந்த அப்ளிகேஷனை இன்னொருவர் திறப்பார். அவர் கணினியில் டி டிரைவே இருக்காது. உங்கள் மேசையில் மட்டும் ஓடும் தீர்வைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபைல்:/// என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு டி:\ என்று தொடங்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் நடக்காது. முகவரியின் முதல் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதைப் பிரவுசர் எச்டிடிபி போல ஒரு ஸ்கீமாக, அதாவது முகவரியின் வகையாக, எடுத்துக்கொள்ளும். "டி" என்ற ஸ்கீம் எதுவும் அதற்குத் தெரியாது.

ஜூன் 3, இரவு

மதியம் ஏன் வராது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எப்படி வரவைப்பது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

படத்தை அப்ளிகேஷனின் சர்வர் கொடுக்கட்டும். பக்கம் எந்தச் சர்வரிலிருந்து வருகிறதோ, படமும் அங்கிருந்தே வரட்டும். ரியாக்டில் பெரும்பாலும் இரண்டு வழி. படத்தை ப்ராஜெக்டின் பப்ளிக் ஃபோல்டரில் போட்டு முகவரியால் அழைப்பது ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலின் தலையில் இம்போர்ட் செய்து, கிடைக்கும் மாறியை எஸ்ஆர்சி-யில் கொடுப்பது இன்னொன்று.

முதல் வழியில் பலர் தடுக்கி விழுவது பாதையில்தான். நானும் விழுந்திருக்கிறேன். முகப்புப் பக்கத்தில் லோகோ அழகாக வந்தது, உள்பக்கத்தில் காணவில்லை. இரண்டிலும் ஒரே காம்பொனென்ட் (பக்கத்தின் ஒரு துண்டு), ஒரே வரி. அந்த காம்பொனென்டைப் பிரித்துப் போட்டுத் திரும்ப எழுதினேன், ஒரு பயனும் இல்லை. நான் எழுதியிருந்தது இமேஜஸ்/லோகோ.பிஎன்ஜி. முன்னால் ஸ்லாஷ் இல்லை. இப்படிப்பட்ட சார்புப் பாதையை, கோட் எழுதிய ஃபைல் எங்கே இருக்கிறது என்று பார்த்து யாரும் கணக்கிடுவதில்லை. அப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியிலிருந்துதான் பிரவுசர் கணக்கிடுகிறது. /ப்ராடக்ட்ஸ்/12 என்ற பக்கத்தில் நின்றால் அதே வரி /ப்ராடக்ட்ஸ்/இமேஜஸ்/லோகோ.பிஎன்ஜி ஆகிவிடும். அங்கே எந்த ஃபைலும் இல்லை.

இது ரியாக்டின் குணம் இல்லை. எல்லா வலைப்பக்கத்துக்கும் பொதுவான விதி. முகவரிகளுக்கான இணையத் தர ஆவணமாக 2005-ல் வெளியான ஆர்எஃப்சி 3986-ல் ஒவ்வொரு படியாக எழுதியிருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்-க்கு மட்டும் அடித்தளம் வேறு. அங்கே கொடுக்கும் சார்புப் பாதை, அந்த சிஎஸ்எஸ் ஃபைலின் முகவரியிலிருந்து கணக்காகும். இமேஜ் டேகில் வந்த பாதையை அப்படியே பின்னணிப் படத்துக்கு எடுத்துப் போட்டால் வராமல் போவது இதனால்தான்.

அதனால் எப்போதும் முன்னால் ஒரு ஸ்லாஷ் போடுங்கள்.

ஜூன் 4, காலை

பப்ளிக் ஃபோல்டரில் போட்டும் வரவில்லை என்கிறீர்கள். எஸ்ஆர்சி-யில் /பப்ளிக்/இமேஜஸ்/ என்று எழுதியிருக்கிறீர்கள். "பப்ளிக்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்த ஃபோல்டர்தான் சர்வருக்கு வாசல். வாசலுக்கு உள்ளே இருப்பதைத்தான் முகவரியில் எழுத வேண்டும்.

நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) மேல் ஓடும் எக்ஸ்பிரஸ் சர்வரில், ஃபைல்களை அப்படியே கொடுக்கும் ஸ்டேடிக் ஃபோல்டராக "பப்ளிக்" என்று பெயரை மட்டும் கொடுத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நோட் புரோகிராமை எந்த ஃபோல்டரில் நின்று தொடங்கினீர்களோ, அங்கே அந்தப் பெயரைத் தேடும். ப்ராஜெக்டுக்குள் நின்று தொடங்கினால் எல்லாப் படமும் வரும், ஒரு படி வெளியே நின்று தொடங்கினால் ஒன்றும் வராது. சர்வர் ஃபைல் இருக்கும் இடத்தோடு சேர்த்து முழுப் பாதையாகக் கொடுத்துவிட்டால் எங்கிருந்து தொடங்கினாலும் ஒன்றுதான்.

ஜூன் 4, மாலை

உங்கள் நெட்வொர்க் டேபின் (பக்கம் அனுப்பும் கோரிக்கைகளைப் பிரவுசர் காட்டும் இடம்) படத்தைப் பார்த்தேன். நியூ.பிஎன்ஜி-க்குப் போன கோரிக்கையில் ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு எழுத்து காணாமல் போயிருக்கிறது. பாதைகளை ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலில் பேக்ஸ்லாஷோடு எழுதியிருப்பீர்கள். பேக்ஸ்லாஷை அடுத்து ஆங்கிலத்தின் "என்" வந்தால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது புதுவரிக் குறி. முகவரிக்குள் வரும் புதுவரியைப் பிரவுசர் சத்தமில்லாமல் நீக்கிவிடும். அதனால்தான் இரண்டு பெயரும் ஒட்டிப் போய்விட்டன. ஆங்கிலத்தின் "டி" (t) எழுத்தில் தொடங்கும் ஃபைல்களுக்கும் இதே கதிதான், அங்கே அது டேப் குறி.

விண்டோஸில் வேலை செய்தாலும் முகவரியில் சாதாரண ஸ்லாஷ் மட்டும்.

ஜூன் 5

ஒன்றைத் திருத்த வேண்டும். நெட்வொர்க் டேபைத் திறந்து 404 (கேட்டது இல்லை) வருகிறதா என்று பாருங்கள், 200 (கிடைத்தது) வந்தால் பாதை சரி என்று தனியாகக் கேட்டவரிடம் சொல்லியிருந்தேன். அது அரைகுறைப் பதில். இன்று என் சொந்த வேலையிலேயே 200 வந்தது, படம் மட்டும் வரவில்லை.

ஒற்றைப் பக்க அப்ளிகேஷன்களில், தெரியாத முகவரி எதைக் கேட்டாலும் முகப்பு எச்டிஎம்எல்-ஐக் கொடு என்று சர்வருக்குச் சொல்லி வைத்திருப்போம். பக்கங்களைப் பிரவுசருக்குள்ளேயே மாற்றிக் காட்டும் ரவுட்டர் வேலை செய்ய அது வேண்டும். ஆனால் இல்லாத படத்தைக் கேட்டாலும் சர்வர் அதே எச்டிஎம்எல்-ஐ 200 என்ற முத்திரையோடு தந்துவிடும். பிரவுசர் அதைப் படமாகப் பிரிக்கப் பார்த்து முடியாமல் நிற்கும்.

ஆகவே நிலை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். என்ன முகவரி கேட்கப்பட்டது, பதிலின் கன்டென்ட் டைப் (என்ன வகை ஃபைல் என்று சர்வர் சொல்வது) என்ன, எத்தனை பைட் வந்தது, மூன்றையும் பாருங்கள். இமேஜ் என்று தொடங்க வேண்டிய இடத்தில் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று இருந்தால் படம் அங்கே இல்லை, அவ்வளவுதான். வேறு வேறு அளவுள்ள ஐந்து படங்களுக்கும் ஒரே பைட் எண்ணிக்கை வந்தால் அதுவும் இதே அறிகுறி. அப்புறம், அந்த டேபில் கேஷை முடக்கும் பெட்டியை டிக் செய்துவிட்டுப் பாருங்கள். பழைய பதிலைப் பார்த்துப் புதுப் பிழையைத் தேடுவதில் என் ஒரு மதியம் போயிருக்கிறது.

வடிவங்களை எழுத்தால் விவரிக்கும் எஸ்விஜி படங்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பிஎன்ஜி, ஜேபிஜி எல்லாம் தவறான வகையோடு வந்தாலும் பிரவுசர் முதல் சில பைட்களைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும். எஸ்விஜி வெறும் எழுத்துதானே, அப்படிக் கண்டுபிடிக்காது. இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல் என்று சர்வர் சொன்னால்தான் காட்டும்.

ஜூன் 7

"எப்போதும் முன்னால் ஒரு ஸ்லாஷ்" என்று 3-ம் தேதி இரவு எழுதியதில் "எப்போதும்" தவறு. அதைப் படித்துச் செய்தவர் ஒருவருக்கு லோக்கலில் எல்லாம் வந்து, வெளியிட்ட இடத்தில் பாதிப் படங்கள் போய்விட்டன. வருந்துகிறேன், அதை முழுசாக எழுதியிருக்க வேண்டும்.

முன்னால் போடும் ஸ்லாஷ் டொமைனின் வேருக்குப் போகிறது. அப்ளிகேஷனை டொமைனின் வேரில் வைத்தால் சரி. /ஆல்பம்/ போன்ற துணைப் பாதையில் வைத்தால் /இமேஜஸ்/ என்பது அப்ளிகேஷனுக்கு வெளியே போய்விடும். அந்த இடத்தில், அப்ளிகேஷனை வெளியிடத் தயாராக்கும் பில்ட் கருவிக்கு அடிப்பாதை இதுதான் என்று சொல்ல வேண்டும். வீட் என்ற அப்படிப்பட்ட கருவியில் "பேஸ்" என்ற அமைப்பு அதற்குத்தான் இருக்கிறது. இம்போர்ட் செய்த படங்களுக்கு அது தானாகச் சேரும். பப்ளிக் ஃபோல்டர் முகவரியை ஜாவாஸ்கிரிப்டில் கையால் ஒட்டி எழுதியிருந்தால், அடிப்பாதை மாறியையும் நீங்களே முன்னால் சேர்க்க வேண்டும்.

சரி, ஏன் எல்லாம் போகாமல் பாதி மட்டும் போனது? அவர் அதைத்தான் நம்ப முடியவில்லை என்றார். படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில், ஒரே விதமாக இம்போர்ட் செய்தவை. சின்ன ஐகான்கள் வருகின்றன, பெரிய படங்கள் வரவில்லை. வீட் 4096 பைட்டுக்குக் குறைவான படங்களைத் தனி ஃபைலாக வைக்காமல் பேஸ்64 எழுத்தாக (பைட்களைச் சாதாரண எழுத்துகளால் எழுதும் முறை) மாற்றி ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே புதைத்துவிடும். புதைந்த படத்துக்கு முகவரியே வேண்டாம். அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஏறிவிட்டால் போதும், படங்களின் பாதை எவ்வளவு தவறாக இருந்தாலும் அது வந்துவிடும். ரியாக்ட் ப்ராஜெக்டைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பிலும் இதே ஏற்பாடு உண்டு, அங்கே எல்லை 10,000 பைட். ஐகான் வருகிறதே, அப்படியானால் பாதை சரிதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜூன் 8

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். என்னை அதிகம் வதைத்த பிழை இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புகைப்படத் தொகுப்புக்கான அப்ளிகேஷன் செய்தேன். என் விண்டோஸ் கணினியில் 60-க்கும் மேற்பட்ட படங்கள் ஒன்றுவிடாமல் வந்தன. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் ஏழு படங்கள் மட்டும் வரவில்லை. பாதையைப் பார்த்தேன், சரி. சர்வருக்குள் போய்ப் பட்டியல் எடுத்தேன், ஃபைல் இருக்கிறது. அனுமதிகளை மாற்றினேன். சர்வரைத் திரும்பத் தொடங்கினேன். மூன்று நாள் மாலை வேளைகள் இதிலேயே போயின. அந்த ஏழு ஃபைலின் பின்னொட்டு கேமரா கொடுத்தபடி பெரிய எழுத்தில் இருந்தது, நான் கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். கண் இரண்டையும் ஒன்றாகவே படித்தது. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. அந்த வேறுபாட்டைத் தேடவே எனக்குத் தோன்றவில்லை.

விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர். மேக்கும் சாதாரணமாக அப்படித்தான் அமைந்து வருகிறது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஃபைல்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. ஃபைல் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றி, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏற்றினேன். சர்வரில் பழைய பெயரே இருந்தது. எழுத்தின் அளவு மட்டும் மாறினால், விண்டோஸில் கிட் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பெயரை மாற்றுவதற்குப் பதில் கிட்டின் "எம்வி" கட்டளையால் மாற்றிய பிறகுதான் பதிவானது. அன்றிலிருந்து படத்தின் பெயர் எதுவானாலும் முழுக்கச் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதில் சிறுகோடு. இந்த ஒரு பழக்கத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஜூன் 10

இப்போது வேறு மாதிரிக் கேள்வி. பயனர் தன் கணினியிலிருந்து படத்தைத் தேர்ந்தெடுக்கிறார், அதன் பாதையை டேட்டாபேஸில் சேமித்துப் பிறகு காட்டினால் வரவில்லை. சேமித்த பாதை சி:\ஃபேக்பாத்\ என்று தொடங்குகிறது.

அப்படி ஒரு ஃபோல்டர் எங்கேயும் இல்லை, தேடாதீர்கள். ஃபைல் தேர்வுப் பெட்டி உண்மைப் பாதையைப் பக்கத்துக்குச் சொல்லவே சொல்லாது. ஃபோல்டர் பெயரில் பயனரின் பெயரே இருக்கலாம், அது வெளியே போகக்கூடாது. முழுப் பாதை வரும் என்று எதிர்பார்த்து எழுதிய பழைய தளங்கள் உடைந்துவிடாமல் இருக்க, பொய்ப் பாதை ஒன்றை முன்னால் ஒட்டித் தருகிறார்கள். எச்டிஎம்எல் தரத்திலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது. லினக்ஸில் திறந்தாலும் அதே சி:\ தான் வரும்.

தேர்ந்தெடுத்த உடனே முன்னோட்டம் காட்ட வேண்டும் என்றால், கிடைத்த ஃபைல் பொருளைக் கிரியேட் ஆப்ஜெக்ட் யூஆர்எல் என்ற செயலுக்குக் கொடுங்கள். பிளாப்: என்று தொடங்கும் முகவரி ஒன்று கிடைக்கும். அதை எஸ்ஆர்சி-யில் போட்டால் படம் உடனே வரும். வந்ததும் ஒரு தவறு நடக்கும், நானே செய்திருக்கிறேன்: அந்த பிளாப் முகவரியைச் சேமித்துவிடுவது. அது அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை மட்டும் உயிரோடு இருக்கும் முகவரி. ரெஃப்ரெஷ் செய்தாலே செத்துவிடும். அடுத்த நாள் வந்தால் எல்லாப் படமும் உடைந்திருக்கும், முந்தைய நாள் எல்லாம் வந்ததை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

படம் நிலைக்க வேண்டுமானால் அதன் பைட்களைச் சர்வருக்கு அனுப்பி, சர்வர் தரும் முகவரியைச் சேமியுங்கள். பேஸ்64 ஆக்கி, பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கலாமே என்றால், ஒன்றிரண்டு சின்னப் படத்துக்குச் சரி. பேஸ்64 படத்தை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கும். லோக்கல் ஸ்டோரேஜோ சுமார் 5 எம்பி-யோடு நின்றுவிடும். இன்றைய ஃபோன் கேமராவின் ஒரே படம் அதை நிரப்பிவிடலாம்.

ஜூன் 10, சற்று கழித்து

மேலே சொன்னபடி செய்தும் முன்னோட்டம் வரவில்லை என்றால், பக்கம் எங்கிருந்து எதை ஏற்றலாம் என்று கட்டுப்படுத்தும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி இருக்கிறதா பாருங்கள். படங்களுக்குச் சொந்தத் தளம் மட்டும் என்று அதில் எழுதியிருந்தால் பிளாப்: முகவரியும் டேட்டா: முகவரியும் தடுக்கப்படும். இரண்டையும் அங்கே பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கன்சோல் அதைத் தெளிவாகச் சொல்லும், படிக்காமல் மூடிவிடாதீர்கள்.

ஜூன் 12

படம் வராவிட்டால் மாற்றுப் படம் காட்ட ஆன்எரர் போட்டிருப்பதாக ஒருவர் சொன்னார். நல்லது. ஆனால் அந்த மாற்றுப் படமே கிடைக்காவிட்டால், அதற்கும் பிழை வரும், மறுபடி அதே படத்தைக் கேட்கும், மறுபடி பிழை. நிற்காது. மாற்றுப் படத்தைப் போடுவதற்கு முன்னால் ஆன்எரரை வெறுமையாக்கிவிடுங்கள்.

பிழையைத் தேடும்போது அதை எடுத்துவிட்டே தேடுங்கள். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று உண்மையான பிழையை வாரக்கணக்கில் மறைத்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 14

41-ல் 38 வந்துவிட்டன என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மீதி மூன்றின் பெயர்களைப் பார்த்ததுமே இரண்டு புரிந்துவிட்டது.

ஒன்றின் பெயரில் # இருக்கிறது. முகவரியில் # வந்தால் அதற்குப் பிறகு இருப்பது சர்வருக்குப் போகாது. %23 என்று எழுத வேண்டும், அல்லது பெயரை மாற்ற வேண்டும். கேள்விக்குறியும் % குறியும் இதே வகைத் தொல்லை தருபவை. இடைவெளியைப் பிரவுசரே பெரும்பாலும் %20 ஆக்கிவிடும், மற்றதை அதனால் ஊகிக்க முடியாது.

இரண்டாவதன் பெயர் தமிழில் இருக்கிறது: கொடி. தமிழில் பெயர் வைப்பதில் தவறே இல்லை, இன்றைய பிரவுசரும் சர்வரும் அதைத் தாங்கும். ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் என்பதால் சர்வர் பதிவில் நீளமான % வரிசையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சிக்கல் "கொ"-வில் இருக்கிறது. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக வருவது ஒரு விதம். ககரம், எகரக் குறி, பிறகு கால் எனப் பிரிந்து வருவது இன்னொன்று. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. லினக்ஸ் சர்வருக்கு அவை வேறு வேறு பைட்கள், எனவே வேறு வேறு ஃபைல்கள். பழைய மேக் ஃபைல் அமைப்பான எச்எஃப்எஸ்+ பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் உடையது, அங்கிருந்து வரும் ஃபைல்களில் இது நடக்கும். கோ, கௌ இரண்டுக்கும் இதே நிலைதான். ஃபைலைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் பெயரை என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற செயல் அதற்குத்தான்.

நம் எழுத்தில் பெயர் வைத்தால் படம் வராது, ஆங்கிலத்தில் வையுங்கள் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். கோபம் வரும். ஒரு வரி கோட் போதும்.

மூன்றாவது எனக்கும் பிடிபடவில்லை. பெயர் சாதாரணம், 200 வருகிறது, வகை இமேஜ்/ஜேபெக், பைட் எண்ணிக்கை டிஸ்கில் இருப்பதோடு ஒத்துப்போகிறது. அந்த ஃபைலை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16

ஃபைல் வந்தது. பைட்களை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். ஜேபிஜி என்றால் முதல் இரண்டு பைட் எஃப்எஃப் டி8 ஆக இருக்க வேண்டும். இதில் அது இல்லை, ஐந்தாவது பைட்டிலிருந்து "எஃப்டைப்" என்றும் அதை ஒட்டி "ஹெய்க்" என்றும் எழுத்துகள். ஐஃபோனில் எடுத்த படம். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தக் கேமரா பெரும்பாலும் ஹெய்க் வடிவத்தில் சேமிக்கிறது. யாரோ பின்னொட்டை மட்டும் ஜேபிஜி என்று மாற்றியிருக்கிறார்கள். சர்வர் பின்னொட்டைப் பார்த்து ஜேபெக் என்று சொல்கிறது, பிரவுசர் உள்ளே பார்த்துத் திணறுகிறது. சஃபாரி 17-ல் இதே முகவரி திறக்கும், குரோமில் திறக்காது.

உண்மையான ஜேபிஜி-யாக மாற்றித் திருப்பி அனுப்பினேன். பயனர்கள் ஃபோனிலிருந்து ஏற்றப் போகிறார்கள் என்றால் இந்த மாற்றத்தைச் சர்வரிலேயே செய்துவிடுங்கள், பின்னொட்டை நம்பாமல் முதல் பைட்களைப் பார்த்து முடிவெடுங்கள் என்றும் எழுதினேன். சற்றுமுன் பதில் வந்தது. 41-வது படமும் வந்துவிட்டதாம்.